ஒரே சாக்கெட்டில் ஐந்து வால்வுகள்: 12ஏயூ7 ஒப்பீடு

பவர் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் நின்று மின்குறியைப் பெருக்கும் ப்ரீஆம்ப்ளிஃபயரில், வால்வை, அதாவது வெற்றிடக் கண்ணாடிக் குமிழை, மாற்றினால் ஒலி மாறுமா என்று யாராவது கேட்டால், மாறும் என்றுதான் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறேன். ஜேஜே, எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ், டெலிஃபுங்கன், முல்லார்டு, ஆர்சிஏ ஆகிய ஐந்து நிறுவனங்களின் 12ஏயூ7 வால்வுகளை இரண்டு மாத காலம் மாற்றி மாற்றிப் பொருத்திக் கேட்ட பிறகும் என் பதில் அதுவே. ஆனால் மாறியதாக நான் நம்பியவற்றில் பெரும் பங்கு ஒலி அளவில் இருந்த வேறுபாடுதான் என்பதை இந்த முறைதான் கண்டுகொண்டேன். அந்தப் பங்கைக் கழித்த பிறகு எஞ்சியது சிறிதே என்றாலும், அந்தச் சிறிதுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் பயன்படுத்தும் ப்ரீஆம்ப் மிக எளிய சுற்றைக் கொண்டது. அதில் இருப்பவை இரண்டு 12ஏயூ7 வால்வுகள் மட்டுமே. ஒவ்வொரு கண்ணாடிக் குமிழுக்குள்ளும் மின்குறியைப் பெருக்கும் மூன்று மின்முனை அமைப்புகளான ட்ரையோடுகள் இரண்டு இருப்பதால், முதல் வால்வின் ஒரு பாதி இடது சேனலையும் மறு பாதி வலது சேனலையும் பெருக்குகின்றன. இரண்டாவது வால்வின் இரு பாதிகளும் கேத்தோடு ஃபாலோயராக நின்று, மின்னழுத்தத்தைப் பெருக்காமல், நீண்ட கேபிளையும் பவர் ஆம்ப்ளிஃபயரையும் தாங்கும் வலுவை மட்டும் தருகின்றன. வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்குத் திருப்பிப் பிழையைக் குறைக்கும் எதிர்ப் பின்னூட்டம் இந்தச் சுற்றில் இல்லை. ஒப்பீட்டுக்கு இது முக்கியமான செய்தி. ஏனென்றால் பின்னூட்டம் மிகுந்த சுற்றில் பெருக்கத்தை முடிவு செய்பவை பெரும்பாலும் மின்தடைகளே, எந்த வால்வைச் செருகினாலும் அதன் தனிக்குணம் அங்கே அமுங்கிப் போகும். தமக்கு எந்த வேறுபாடும் கேட்கவில்லை என்று ஒருவர் சொன்னால், அவருடைய காதைக் குறை சொல்வதற்கு முன் அவருடைய சுற்றைப் பார்க்க வேண்டும்.

இந்த வால்வின் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 12ஏயூ7 எனப்பட்டதுதான் ஐரோப்பாவில் இசிசி82. அமெரிக்கப் பெயரிலுள்ள 12, வால்வைச் சூடாக்கும் இழையான ஹீட்டருக்கான 12.6 வோல்ட்டைக் குறிக்கிறது. ஐரோப்பியப் பெயரின் முதல் எழுத்தான இ, 6.3 வோல்ட்டைக் குறிக்கிறது. இரண்டுமே சரிதான். ஹீட்டர் இழையின் நடுவிலிருந்து ஒன்பதாவது பின்னுக்கு ஓர் இணைப்பு வருவதால், இரு பாதிகளையும் தொடராக இணைத்தால் முன்னதும், இணையாக இணைத்தால் பின்னதும் பொருந்தும்.

இதே பின் அமைப்பு 12ஏடி7, 12ஏஎக்ஸ்7 வால்வுகளுக்கும் உண்டு என்பதால், அவற்றையும் செருகிப் பார்க்கும் ஆசை எவருக்கும் வரும். 12ஏயூ7 வால்வின் பெருக்கக் காரணி, அதாவது மின்குறியை அது பெருக்கக்கூடிய மடங்கு, ஏறத்தாழ 17 முதல் 20 வரை. 12ஏடி7 வால்வுக்கு 60, 12ஏஎக்ஸ்7 வால்வுக்கு 100. ஆகவே அவற்றைப் போட்டால் வால்யூம் குமிழைச் சற்றுத் திருப்பியதுமே ஒலி தூக்கியடிக்கும். ஒன்றுக்காகக் கணக்கிட்டு வைத்த மின்தடைகளோடு மற்றது தன் இயல்பில் இயங்கவும் இயங்காது. 6டிஜே8, இ88சிசி வகை வால்வுகளும் ஒன்பது பின் கொண்டவைதான், ஆனால் அவற்றின் ஹீட்டர் இணைப்பே வேறு. அவற்றை இந்தச் சாக்கெட்டில் வைக்கவே கூடாது.

இனி, கேட்ட முறை. வால்வை மாற்ற வேண்டுமானால் மின்சாரத்தை நிறுத்தி, வடிகட்டிக் கண்டென்சர்களில் தங்கியிருக்கும் 200, 300 வோல்ட் வடியும்வரை பொறுத்து, கண்ணாடி ஆறிய பின் நேராக மேல்நோக்கி இழுத்து எடுத்து, புதியதைச் செருகி, அது சூடேறி நிலைப்படும்வரை காத்திருக்க வேண்டும். நான் அரை மணி நேரம் காத்திருந்தேன். அதற்குள் முந்தைய வால்வின் ஒலி மனத்தில் நினைவாக மாறிவிடுகிறது. நினைவோ நாம் விரும்பிய பக்கம் சாய்ந்துவிடுகிறது. இதைத் தவிர்க்க, ஒவ்வொரு வால்வோடும் ப்ரீஆம்பின் வெளியீட்டை 24 பிட் தரத்தில் கணினியில் பதிவு செய்துகொண்டு, அந்தப் பதிவுகளை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு உடனுக்குடன் தாவிக் கேட்டேன். எது எந்த வால்வு என்பது என் அக்கா மகனுக்கு மட்டுமே தெரியும். அவன் போட, நான் எழுதி வைப்பேன். சோதனைக்கு எடுத்துக்கொண்டவை தம்புராவோடு தனியே பாடும் ஒரு குரல், மிருதங்கத் தனி, பியானோ தனி ஆகிய மூன்றும்தான். இவற்றை அன்றாடம் கேட்டுப் பழகியிருக்கிறேன் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்பாக அளவைச் சமப்படுத்தினேன். 1000 ஹெர்ட்ஸ் ஒலியை உள்ளே செலுத்தி, ஜேஜே வால்வோடு வெளியீடு சரியாக 1 வோல்ட் வரும் இடத்தில் வால்யூம் குமிழை நிறுத்தினேன். அதே இடத்தில் முல்லார்டு வால்வைப் பொருத்தியபோது மல்ட்டிமீட்டர் 1.06 வோல்ட் காட்டியது. எண்ணாகப் பார்த்தால் அற்பம். டெசிபலில் ஏறத்தாழ அரை. இந்த அளவு வேறுபாட்டை ஒலி கூடியதாக நாம் உணர்வதில்லை. தெளிவு கூடியதாக, குரல் முன்னால் வந்ததாக, பின்னணி விரிந்ததாக உணர்கிறோம். முல்லார்டில் குரல் உயிரோடு வருகிறது என்று நான் நண்பர்களிடம் சொன்னதெல்லாம் எவ்வளவு தூரம் இந்த 0.06 வோல்ட்டின் வேலை என்று நினைத்தபோது உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. பெருக்கக் காரணி இப்படிச் சற்று ஏறி இறங்குவது எந்த வால்வின் குற்றமும் அல்ல. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட் கம்பிச் சுற்றின் நெருக்கத்திலும், அதற்கும் எலெக்ட்ரான்களை வெளியிடும் கேத்தோடுக்கும் உள்ள மிகச் சிறிய இடைவெளியிலும் மயிரிழை மாறினாலே எண் மாறிவிடும்.

ஸ்லோவாக்கியாவில் தயாராகும் ஜேஜே இசிசி82 இன்று புதிதாகக் கிடைப்பது. இதையே நான் அளவுகோலாக வைத்துக்கொண்டேன். பாட்டு ஓடாதபோது ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்தாலும் மெல்லிய இரைச்சலுக்கு மேல் எதுவும் கேட்கவில்லை. இரு பாதிகளும் சமமாக இருந்தன. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும், சுருதி வளைந்து ஏறும் கும்கி ஒலி உருட்டாகவும் கட்டுக்கோப்பாகவும் வந்தது. குறை என்று சொன்னால், பியானோவின் மேல் ஸ்தாயி சுரங்கள் ஒலித்து அடங்கும் இடத்தில் அவற்றின் வால் சற்று முன்னதாகவே மறைவது போல் இருந்தது. ரஷ்யாவில் தயாராகும் எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் 12ஏயூ7 அதைவிடச் சற்று வெளிச்சமானது. பாடகரின் ஸகர, சகர ஒலிகள் ஒரு படி முன்னே நின்றன. பெயர் தெரியாமல் கேட்டபோது இவ்விரண்டையும் என்னால் நம்பிக்கையோடு பிரிக்க முடியவில்லை; சரியாகச் சொன்னதும் தவறாகச் சொன்னதும் பாதிக்குப் பாதிதான். எனவே புதிய வால்வு வாங்குபவர் இவற்றில் எதை எடுத்தாலும் இழப்பு ஒன்றும் இல்லை.

பழைய மூன்றில் டெலிஃபுங்கன் இசிசி82 வால்வை முதலில் சொல்கிறேன். இதன் பெயரைப் போலியாக அச்சிட்டு விற்பது பழைய கதை என்பதால், அச்சை நம்பாமல் வால்வைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்க வேண்டும்: அடிக்கண்ணாடியில், பின்களுக்கு நடுவே, சிறிய வைர வடிவம் ஒன்று வார்ப்பிலேயே பதிந்திருக்கும். விளக்கொளியில் சாய்த்தால்தான் அது தெளிவாகத் தெரியும். ஒலியைப் பொறுத்தவரை, ஐந்திலும் தானாக எதையும் சேர்க்காதது இதுதான் என்று தோன்றியது. தம்புராவின் நான்கு தந்திகளும் ஒன்றோடொன்று கலந்து ஒரே திரையாக நிற்காமல், மந்தர ஷட்ஜத்தின் மேலே எழும் நுண்ணிய காந்தாரம் வரை தனித்தனியே கேட்டது. ஆனால் அதே நேர்மை, தேய்ந்த இசைத்தட்டுகளின் கீறலையும் ஒலிப்பதிவின் கூர்மையையும் மறைக்காமல் முன்னே வைத்தது. நல்ல பதிவுகளை மட்டும் கேட்பவருக்கு இதைவிடச் சிறந்த வால்வு வேண்டியதில்லை.

முல்லார்டு இசிசி82, இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் செய்யப்பட்டது. கண்ணாடியின் அடிப்பகுதியில் மங்கலாகப் பொறித்த குறியீட்டில் அந்த ஆலையைக் குறிக்கும் பி எழுத்தும், அதையடுத்து ஆண்டும் மாதமும் இருக்கும். அளவைச் சமப்படுத்திய பின் இதன் புகழில் பாதி கரைந்துவிட்டது என்பதை மேலே சொன்னேன். மீதிப் பாதி கரையவில்லை. நடு ஸ்தாயியில் பாடும் குரலுக்கு இது ஒரு குழைவைத் தருகிறது. மூச்சை எடுத்துப் பாடகர் ஒரு சுரத்தில் அமரும் இடம் மிக இயல்பாக இருக்கிறது. மறைத்துப் போட்டுக் கேட்டபோதும், குரல் பதிவில் மட்டும், இதைப் பெரும்பாலும் சரியாக அடையாளம் கண்டேன். மிருதங்கத்தில் அப்படிக் கண்டுபிடிக்க முடியவில்லை.

என் மனத்தைக் கவர்ந்தது, நான் அதிகம் எதிர்பார்க்காத ஆர்சிஏ 12ஏயூ7ஏ. பொதுவாக வால்வின் உச்சியில் வெள்ளி முலாம் போன்ற கெட்டர் படலம் இருக்கும். எஞ்சிய வாயுக்களை உறிஞ்சி வெற்றிடத்தைக் காக்கும் பேரியப் படலம் அது. இந்த ஆர்சிஏ வகையில் அது பக்கவாட்டில் படிந்திருப்பதால் உச்சிக் கண்ணாடி தெளிவாக இருக்கிறது. உள்ளே கனலும் ஹீட்டரின் செம்பொட்டை மேலிருந்தே பார்க்கலாம். கேட்கும்போது நான் குறித்து வைத்த சொல், கார்வை. பியானோவின் ஒரு சுரம் அடித்து ஓய்வதற்குள் அது அறையில் நிற்கும் நேரம், கும்கி வளைந்து மேலேறி அடங்கும் விதம், இவை இரண்டும் மற்ற நான்கையும்விட இதில் நிறைவாக இருந்தன. டெலிஃபுங்கனின் துல்லியம் இதற்கு இல்லை. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் விழும் சாப்பு என்ற அடி சற்று மழுங்கியே விழுகிறது. இருந்தாலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்ட பிறகு எழுந்திருக்க மனம் வராதது இந்த வால்வோடுதான்.

இதற்குக் காரணம் இருக்க முடியும். ட்ரையோடுக்குள் ஒரு ஷட்ஜத்தைச் செலுத்தினால், அது தன் பங்காகச் சேர்ப்பதில் மேலோங்கி நிற்பது இரண்டாம் ஹார்மோனிக், அதாவது மேல் ஷட்ஜம். மூன்றாவது, அதற்கும் மேலுள்ள பஞ்சமம், அதைவிட மிகக் குறைவு. இரண்டும் இசையில் ஏற்கெனவே குடியிருக்கும் சுரங்கள் என்பதால் அந்தச் சேர்க்கை குறையாகத் தெரியாமல் நிறைவாகத் தெரிகிறது. 1 வோல்ட் வெளியீட்டில் அது மிகச் சொற்பம். வால்வுக்கு வால்வு அந்தச் சொற்பமும் மாறுகிறது. ஒலியில் வேறுபாடு சிறிதாகவே இருப்பதற்கும், ஆனாலும் இல்லாமற் போகாததற்கும் இதையே காரணமாகக் கருதுகிறேன்.

ஒரு தொல்லையையும் சொல்லியாக வேண்டும். ஒப்பீட்டுக்காக ஆறாவதாக ஒரு பழைய வால்வும் வாங்கியிருந்தேன். சோதித்துத் தேர்ந்தெடுத்தது என்று விற்றவர் உறுதி கூறியிருந்தார். பொருத்திய பத்தாவது நிமிடத்தில் இடது ஸ்பீக்கரில் காகிதத்தின் மேல் மணல் தூவுவது போன்ற சலசலப்பு தொடங்கியது. பென்சிலின் பின்முனையால் கண்ணாடியை மெல்லத் தட்டியபோது, அந்தத் தட்டல் மணியடித்தது போல ஸ்பீக்கரில் கணீரென்று கேட்டது. இதைத்தான் மைக்ரோஃபோனிக் வால்வு என்கிறோம். உள்ளே தகடோ கம்பியோ தளர்ந்து, அதிர்வை மின்குறியாக மாற்றுகிறது. திருப்பி அனுப்ப முயன்றேன், பதில் வரவில்லை. பிறகு இரண்டு வால்வுகளையும் இடம் மாற்றிப் போட்டேன். முதல் சாக்கெட்டில் எழும் சலசலப்பு சுமார் 15 மடங்கு பெருகி வெளியே வருகிறது. ஃபாலோயரில் பெருக்கமே இல்லை. ஆகவே அதே வால்வு இரண்டாவது சாக்கெட்டில் கிட்டத்தட்ட அமைதியாகிவிட்டது. ஹீட்டருக்கும் கேத்தோடுக்கும் இடையே கசிவு உள்ள வால்வுக்கு மட்டும் இந்த வைத்தியம் உதவாது. கேத்தோடு உயர்ந்த மின்னழுத்தத்தில் நிற்கும் ஃபாலோயரில் அது உறுமலைக் கூட்டிவிடும்.

இதிலிருந்தே இன்னொன்றையும் சோதித்தேன். ஐந்து வால்வுகளையும் இரண்டாவது சாக்கெட்டில் மாற்றி மாற்றிப் போட்டபோது எனக்கு எந்த வேறுபாடும் கேட்கவில்லை. பல மடங்கு விலை கொடுத்துப் பழைய வால்வுகளை ஜோடியாக வாங்கி இரண்டு சாக்கெட்டுகளையும் நிரப்புபவர்கள், இத்தகைய சுற்றில் ஒன்றுக்கான பணத்தை மிச்சப்படுத்திக்கொள்ளலாம். வாங்கும்போது கெட்டர் படலம் பளபளப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். பால் போல் வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று பொருள். இரு பாதிகளின் பெருக்கமும் நெருங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். என் ஆர்சிஏ வால்வின் இரு பாதிகளுக்கும் இடையே ஏறத்தாழ 3 சதவீத வேறுபாடு இருந்தது. நடுவில் நிற்க வேண்டிய குரல் இடப்பக்கம் ஒரு விரற்கடை நகர்ந்திருந்ததை பேலன்ஸ் குமிழால் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

இப்போது முதல் சாக்கெட்டில் ஆர்சிஏ, இரண்டாவதில் ஜேஜே. முல்லார்டு அதன் பெட்டிக்குள் போய்விட்டது. டெலிஃபுங்கனைப் பெட்டிக்குள் வைக்க மனம் வரவில்லை. ப்ரீஆம்புக்கு அருகிலேயே வைத்திருக்கிறேன், நன்றாகப் பதிவான தம்புராவைக் கேட்கும் மாலைகளில் அரை மணி நேரம் முன்னதாக எடுத்துப் பொருத்திக்கொள்கிறேன்.