மதுரையில் டார்க்ரூம் வகுப்பில் சேரப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

"டிஜிட்டல் + டார்க்ரூம் போட்டோகிராபி, தொடக்கநிலை மாலை வகுப்பு" என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, இந்த மாதம் சேரலாமா அடுத்த மாதம் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் மதுரைக்காரர்களுக்காக எழுதுகிறேன். நான் சேர்ந்தேன். கட்டணம் 14,000 ரூபாய். அவர்கள் தலையில் கட்டிய பழைய கேமராவுக்கு இன்னொரு 9,000. பணத்தைவிட எனக்கு ஆறாமல் இருப்பது ஒரு பிலிம் ரோல் போனதுதான். நடத்துகிறவர் பெயரையும் இடத்தையும் இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது தன் வழியில் நடக்கட்டும். ஆனால் எப்படி ஏமாற்றினார்கள் என்று தெரிந்துகொண்டால் யாராக இருந்தாலும் உங்களால் அடையாளம் கண்டுவிட முடியும்.

வாரத்தில் மூன்று மாலை, ஆறரையிலிருந்து எட்டரை வரை, இரண்டு மாதம் என்றார்கள். முதல் மாதம் டிஜிட்டல். இரண்டாம் மாதம் பிலிம்: நீங்களே எடுத்து, டார்க்ரூம் என்கிற இருட்டறையில் நீங்களே கழுவி, நெகட்டிவ்வைப் பேப்பரில் பெரிதாக்கிப் பதிக்கும் என்லார்ஜரில் நீங்களே பிரிண்ட் போடலாம். ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் எனக்கு இந்த நேரம் தோதாக இருந்தது. கூடப் படித்தவர்களில் ஒரு கல்லூரி மாணவி, ரிட்டயர்டு ஆசிரியர் ஒருவர், கல்யாண வீடியோ எடுக்கப் பழகும் ஒரு தம்பி எல்லாரும் உண்டு. அந்தத் தம்பி உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து, ராத்திரி கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவான். அவனை நினைத்தால்தான் எனக்குக் கோபம் அதிகமாக வருகிறது.

டிஜிட்டல் மாதத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பெர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றையும் ஒரே மாலையில் ஸ்லைடு போட்டு முடித்துவிட்டார்கள். படத்தில் வெளிச்சம் எப்படி விழுந்திருக்கிறது என்று காட்டும் ஹிஸ்டோகிராம் பற்றிப் பேச்சே இல்லை. கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைக்கும் ரா ஃபைலில் எடுப்பது எப்படி என்று கேட்டால், "ஜேபெக் போதும் மேடம், அதெல்லாம் அட்வான்ஸ் கோர்ஸ்ல வரும்" என்று பதில். திருமலை நாயக்கர் மகாலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனார்கள். காலையிலோ சாயங்காலத்திலோ போயிருந்தால் அந்த வளைவுகளுக்குள் வெளிச்சம் சாய்ந்து விழும், தூண்களின் நிழல் நீளும், கற்றுக்கொள்ள எவ்வளவோ இருக்கும். எங்களை அழைத்துப்போனது உச்சி வெயிலில், அதுவும் மாஸ்டர் வராமல் அவருடைய அசிஸ்டெண்டோடு. அந்த அசிஸ்டெண்ட் எங்களைத் தூண் பக்கத்தில் வரிசையாக நிற்கவைத்து, கேமராவைக் கண்ணில் வைக்கச் சொல்லி, ரீல்ஸ் எடுத்துக்கொண்டார். யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை.

அடுத்து கேமரா. பிலிம் மாதம் தொடங்குவதற்கு முன் எல்லாரும் ஒரு பிலிம் எஸ்எல்ஆர் வாங்கியாக வேண்டும், வெளியே வாங்கினால் ஏமாந்துவிடுவீர்கள், நாங்களே சர்வீஸ் செய்து தருகிறோம் என்றார்கள். எனக்கு வந்த கேமராவில் புது பேட்டரி போட்டும் வெளிச்சம் அளக்கும் மீட்டரின் முள் அசையவில்லை. பின்மூடியைத் திறந்து ஓரத்துப் பஞ்சைத் தொட்டால் விரலில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டியது. வெளிச்சம் உள்ளே கசியாமல் தடுப்பது அந்தப் பஞ்சுதான். லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பார்த்தால் உள்ளே நூல் நூலாகப் பூஞ்சை. பழைய கேமரா யாரிடம் வாங்கினாலும் இந்த மூன்றையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். பின்மூடியைத் திறந்தபடியே ஒரு செகண்ட் ஸ்பீடிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு ஸ்பீடிலும் ஷட்டரைத் தட்டிப் பாருங்கள். திரை பாதியில் நின்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

பிலிம் மாதம் சித்திரையில் வந்தது. நான் சேர்ந்ததே அதற்காகத்தான். தல்லாகுளத்தில் பிறந்து வளர்ந்தவள் நான், மதுரைக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை எங்களுக்கு வீட்டு விசேஷம். அப்பத்தா ஒவ்வொரு வருஷமும் சொம்பில் சர்க்கரை நிரப்பி, வாழையிலை கட்டி, சூடம் ஏற்றிக்கொண்டு அழகருக்காகக் காத்து நிற்பார். அதைக் கறுப்பு வெள்ளையில் எடுத்து, என் கையால் பிரிண்ட் போட்டு, வீட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்பது ஆசை. இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ், 400 ஐஎஸ்ஓ ரோல். மீட்டர் வேலை செய்யாததால், நல்ல வெயிலில் அப்பெர்ச்சர் எஃப் 16, ஐஎஸ்ஓவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஷட்டர் ஸ்பீடு என்ற பழைய கணக்கை நானே படித்து, ஐந்நூறில் ஒரு பங்கு வைத்து எடுத்தேன். நிழலுக்குப் போனால் அதற்கேற்பத் திறந்துகொண்டேன். தோப்பறை என்ற தோல் பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், தோளில் பிள்ளையைத் தூக்கிவைத்த அப்பாக்கள், சூடம் அணைந்துவிடாமல் கையால் மறைத்துக்கொண்ட அப்பத்தா. இதையெல்லாம் திரும்ப எடுக்க இன்னொரு சித்திரை வரவேண்டும்.

டார்க்ரூம் என்று காட்டியது மாடியில் ஒரு பாத்ரூம். கதவுக்கு அடியில் வெளிச்சக் கோடு பளிச்சென்று தெரிந்தது. சேஃப்லைட் (பிரிண்ட் பேப்பரைக் கெடுக்காத மங்கல் விளக்கு) என்று சொல்லி மாட்டியிருந்தது எலக்ட்ரிக் கடையில் சீரியல் செட்டோடு விற்கும் சிவப்பு ஜீரோ வாட் பல்பு. மூலையில் பெட்ஷீட் போர்த்தி என்லார்ஜர் நின்றது. ஆசிரியர் ஐயா பெட்ஷீட்டைத் தூக்கிப் பார்த்தார்: பல்பும் இல்லை, லென்ஸும் இல்லை. "சர்வீஸுக்குப் போயிருக்கு சார், அடுத்த வாரம் வந்துரும்." கடைசிவரை வரவில்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் கிடையாது, கையுறை கிடையாது. பிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்தான டி-76 டெவலப்பரில் மெட்டால் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, அது சிலருக்குத் தோலில் ஒத்துக்கொள்ளாது. அந்தக் கல்லூரி மாணவிக்கு விரலெல்லாம் தடித்துச் சிவந்துபோனது. "கழுவிக்கோம்மா, சரியாப் போயிரும்" என்பதோடு விட்டார்கள்.

அந்த டெவலப்பர் பாட்டிலை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பாதிதான் இருந்தது, கலக்கிய தேதி எழுதவில்லை, நிறம் டிகாக்‌ஷன் போல. நல்ல டி-76க்குக் கிட்டத்தட்ட நிறமே இருக்காது. கலக்கி வைத்ததை நிறைந்த பாட்டிலில் இறுக மூடினால் ஆறு மாதம், பாதி பாட்டில் என்றால் இரண்டு மாதம் என்பது கோடக் சொல்லும் கணக்கு. காற்றுப் பட்டுப் பட்டுத்தான் அது பழுப்பாகிறது. தெர்மாமீட்டரும் அங்கே இல்லை. இந்த பிலிமுக்குத் தண்ணீர் கலக்காத டி-76இல் 20 டிகிரியில் ஏழரை நிமிஷம் என்று இல்ஃபோர்டு அட்டவணை போட்டிருக்கிறது. சித்திரை வெயிலில் மதுரை மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கை வைக்க முடியாமல் வரும். ஐஸ் போட்ட பேசினில் பாட்டில்களை நிறுத்திச் சூட்டை இறக்கினால்தான் இந்த ஊரில் பிலிம் கழுவ முடியும். அசிஸ்டெண்ட் குழாயைத் திறந்து அப்படியே பிடித்து ஊற்றினார். ரோலை ரீலில் சுற்றுவதும் அவர்தான், ஊற்றுவதும் அவர்தான். எங்கள் கையில் கொடுத்தது செல்போன் டைமர் மட்டும்.

பிலிம் கழுவும் டாங்கைத் திறந்து ரோலை உருவினால் ஒரு படமும் இல்லை. முழுக்க வெறும் பிளாஸ்டிக். என்னுடையது மட்டுமல்ல, அன்று கழுவிய அத்தனை பேருடையதும். மாஸ்டர் வந்து, வெளிச்சத்தில் தூக்கிக்கூடப் பார்க்காமல், "எக்ஸ்போஷர் கம்மி. எல்லாரும் மீட்டர் பார்க்காம எடுத்திருக்கீங்க. இன்னொரு ரோல் வாங்கிக்கங்க, 1,200 ரூபாய்" என்றார். உசிலம்பட்டித் தம்பி தான்தான் தப்புச் செய்துவிட்டோம் என்று நம்பி, அன்றைக்கே இன்னொரு ரோலுக்குக் கடன் சொல்லி வாங்கினான்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. சிம்மக்கல் பக்கம் பழைய ஸ்டூடியோக்காரர் ஒருவரைத் தேடிப் போனேன். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' பேப்பரில் வருஷக்கணக்காகப் பிரிண்ட் போட்டவர். ரோலை வாங்கி டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார். நடுவில் இருக்கும் படங்களின் இடத்தை அவர் பார்க்கவே இல்லை, ஓரத்தைத்தான் பார்த்தார்.

"ஏன் தாயி, நம்பரே விழலையே?"

"என்ன நம்பர் ஐயா?"

"பிலிம் ஓரத்துல கம்பெனிக்காரன் பேரும் நம்பரும் போட்டு அனுப்புவான். அது ஃபேக்டரியிலயே வெளிச்சம் காட்டிப் பதிச்சது. நீ கேமராவுல மூடியைக் கழட்டாம எடுத்திருந்தாலும், கழுவுனா அந்த நம்பர் கறுப்பா வரணும். நம்பர் இருந்து படம் இல்லன்னா உன் தப்பு. நம்பரும் இல்லன்னா கழுவுனவன் தப்பு."

ரோலின் முனையையும் காட்டினார். கேமராவில் மாட்டும்போது வெளிச்சம் பட்ட பகுதி அது. கன்னங்கரேலென்று இருந்திருக்க வேண்டும். அதுவும் வெள்ளையாகத்தான் இருந்தது. டெவலப்பர் செத்துப்போயிருந்தது, இல்லாவிட்டால் டெவலப்பருக்கு முன்னாலேயே, டெவலப் ஆகாத வெள்ளி உப்பைக் கரைத்துவிடும் ஹைப்போவை ஊற்றிவிட்டார்கள், ரெண்டில் எது நடந்தாலும் இப்படித்தான் இருக்கும் என்றார். அப்பத்தா படம் அந்த பிலிமில் பதிந்துதான் இருந்தது. கழுவுகிற இடத்தில் அழித்துவிட்டார்கள். அவர் ரோலைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு, காசு வாங்க மறுத்துவிட்டார்.

இதற்குப் பிறகும் கூச்சமில்லாமல் சான்றிதழ் விழா வைத்தார்கள். "உங்கள் டார்க்ரூம் பிரிண்ட்" என்று ஆளுக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மவுண்ட் போட்டுத் தந்தார்கள். எனக்கு வந்தது நான் மகாலில் டிஜிட்டலில் எடுத்தது. என் மாமா தெற்காவணி மூல வீதியில் நகை வேலை பார்க்கிறவர். அவர் கல் பார்க்கும் லென்ஸை வாங்கி அந்த பிரிண்டின் மேல் வைத்துப் பார்த்தேன். சாம்பல் நிறமாகத் தெரிந்த தூணுக்குள் நீலப் புள்ளி, ரோஸ் புள்ளி, மஞ்சள் புள்ளி. என்லார்ஜரில் போட்ட வெள்ளிப் பிரிண்டில் கறுப்பு இழைந்து இழைந்து போகும், இப்படிக் கலர் புள்ளி இருக்க வழியில்லை. இங்க்ஜெட்டில் அடித்ததை டார்க்ரூம் பிரிண்ட் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

பில் கேட்டபோது முதலிலிருந்தே இழுத்தடித்தார்கள். பணமும் நிறுவனக் கணக்குக்குப் போகவில்லை, ஒரு தனிநபருடைய ஜிபே நம்பருக்குத்தான் போனது. திருப்பிக் கேட்டதும் பாதி தருகிறேன் என்றார். பிறகு அடுத்த பேட்ச்சில் இலவசமாக உட்காருங்கள் என்றார். கடைசியில் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி சேவைக்குப் பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தேன், அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதும் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் கொடுத்தால் போதும். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் தேதிவாரியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

டார்க்ரூம் கற்றுக்கொள்ளும் ஆசை இருப்பவர்களை நான் தடுக்கவில்லை. எனக்கே அந்த ஆசை இன்னும் போகவில்லை. சேருமுன் டார்க்ரூமுக்குள் போய் நின்று கதவைச் சாத்தச் சொல்லுங்கள். இருட்டு பழகும்வரை சில நிமிஷம் நின்றால் எங்கே வெளிச்சம் கசிகிறது என்று கண்ணுக்கே தெரியும். என்லார்ஜரைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தெர்மாமீட்டர் எங்கே என்று கேளுங்கள். பாட்டிலில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். சேஃப்லைட்டை நம்பலாமா என்பதற்கு ஸ்டூடியோ ஐயா ஒரு வழி சொன்னார்: அந்த வெளிச்சத்தில் ஒரு துண்டு பிரிண்ட் பேப்பரை வைத்து, மேலே ஒரு ரூபாய்க் காசை வைத்து, ஐந்து நிமிஷம் விட்டுப் பிறகு டெவலப் செய்ய வேண்டும். காசின் வட்டம் வெள்ளையாகத் தெரிந்தால் அந்த பல்பு பேப்பரைக் கெடுக்கிறது என்று அர்த்தம். ஹைப்போவுக்கும் அதே மாதிரி: கழுவாத பிலிம் துண்டு ஒன்றைப் போட்டு, அது தெளிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. புது ஹைப்போவில் ஆகும் நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஆனால் அதைக் கொட்டிவிட்டு வேறு கலக்க வேண்டும். தொழில் தெரிந்தவர் இதையெல்லாம் செய்து காட்டச் சொன்னால் சந்தோஷப்படுவார். முகம் சுளிக்கிறவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஆடித் தள்ளுபடி என்று அடுத்த பேட்ச்சுக்கு இப்போது ஆள் சேர்க்கிறார்கள். மகாலில் எங்களை நிற்கவைத்து எடுத்த ரீல்ஸ்தான் விளம்பரமாக ஓடுகிறது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டவர்கள் மீதியைக் கட்டாதீர்கள், கொடுத்ததை எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். என்னோடும் எனக்கு முன்னாலும் படித்தவர்கள், வெற்று ரோல் என்று தூக்கிப் போட்டுவிடாமல் அந்த நெகட்டிவ்வைப் பத்திரமாக வையுங்கள், ஓரத்தில் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எனக்குத் தகவல் கொடுங்கள். ஆணையத்தில் சேர்ந்தே மனுப் போடலாம்.