மீன் குளத்துக்கு 18 வாட் யூ.வி. (புற ஊதா) லைட், 7 மாசம் ஓட்டிப் பார்த்துட்டு எழுதுறேன் (பச்சைத் தண்ணி பிரச்சனை உள்ளவங்க படிங்க)

இந்த லைட் வேலை செய்யுது, அதை முதல்லயே சொல்லிடுறேன். ஆனா மாட்டுன மறுநாளே தண்ணி கண்ணாடி மாதிரி ஆயிடும்னு நினைச்சு வாங்காதீங்க. ஃபில்டர் இல்லாம, தண்ணி ஓட்டத்தைக் குறைக்காம மாட்டிட்டு காசு வீண்னு ரிவியூ போட்டிருக்கவங்க நிறைய பேரு, அதைப் படிச்சுட்டு நானே 3 மாசம் வாங்காம இருந்தேன்.

எங்க வீடு மலேசியா, பேராக் சுங்கை சிப்புட்ல, டவுனை விட்டு கொஞ்சம் தள்ளி, பின் வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனை. குளம் அப்பா கட்டுனது. தோட்டத்து வேலையை விட்டுட்டு வந்த வருஷம் கல்லு அடுக்கி சிமெண்டு பூசி தன் கையாலயே கட்டுனாரு, 10 அடிக்கு 6 அடி, 3 அடி ஆழம், 5,000 லிட்டர் தண்ணி பிடிக்கும். உள்ள 9 கோய் மீன் இருந்துச்சு. சாயங்காலம் தேத்தண்ணி கிளாஸோட அந்தக் கட்டையில உட்கார்ந்தா இருட்டுற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டாரு.

போன வருஷம் வேர் போய் காவாயை உடைக்குதுன்னு குளத்துக்குப் பக்கத்துல இருந்த ரம்புத்தான் மரத்தை வெட்டுனோம். அதுக்கப்புறம் நாள் பூரா வெயில் நேரா குளத்துல. வேலிக்கு அந்தப் பக்கம் உரம் போட்ட வாரம் பெருமழை வேற, அந்தத் தண்ணி வழிஞ்சு எங்க பக்கம் வந்து குளத்துல இறங்குச்சு. வெயிலும் உரமும் ஒண்ணா கிடைச்சா பாசிக்கு வேற என்ன வேணும், 2 வாரத்துல தண்ணி பாண்டான் சாறு கலர் ஆயிடுச்சு. அப்பா ரப்பர் பால் வெட்டுன காலத்து பழைய வெள்ளை மங்கு (கிண்ணம்) ஒண்ணை கயிறுல கட்டி உள்ள இறக்கிப் பார்த்தாரு, 4 இஞ்சுல மறைஞ்சிடுச்சு. "மீன் இருக்கா இல்லையான்னே தெரியலைய்யா"ன்னு சொன்னாரு.

நான் செஞ்ச முதல் வேலை பாதித் தண்ணியை இறைச்சுட்டு புதுத்தண்ணி விட்டது, 5 நாள்ல மறுபடி பச்சை. ரெண்டாவது, ஒரு கடையில பாசி மருந்துன்னு பாட்டில் கொடுத்தாங்க, கடை பேரு வேண்டாம், 5,000 லிட்டருக்கு எவ்வளவு ஊத்தணும்னு கேட்டதுக்கு 2 மூடி ஊத்துங்கன்னு சொன்னாங்க. ஊத்துன அன்னைக்கு ராத்திரி பாசி எல்லாம் மொத்தமா செத்து அழுகி, தண்ணியில இருந்த ஆக்ஸிஜனை இழுத்திடுச்சு. விடியக்காலை பசியாறக்கூட உட்காரல, அப்பா கூப்பிடுறாரு, போய்ப் பார்த்தா எல்லா மீனும் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது, ரெண்டு பெரிய கோய் ஓரமா சாஞ்சு கிடக்குது. அந்த ரெண்டையும் அவரு குஞ்சா இருக்கும்போதே வாங்கி வளர்த்தவரு. அதனால யாராச்சும் மருந்து ஊத்தச் சொன்னா, கூடவே ராத்திரி பூரா ஏர் பம்ப் ஓடணும்னு சொல்றாங்களான்னு பாருங்க, சொல்லலைன்னா வாங்காதீங்க.

இந்த லைட்டை வாங்குனது பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மீன் கடையில, 95 வெள்ளி (ரிங்கிட்). ஆன்லைன்ல 70க்குக் கிடைச்சுது, ஆனா அந்தக் கடை தௌக்கே (முதலாளி) அரை மணி நேரம் நின்னு சொல்லிக் கொடுத்தாரு, அதுக்கே மிச்சக் காசு சரியாப் போச்சு. குளத்தோட நீள அகலம் ஆழம் கேட்டு, எந்த பம்ப்னு கேட்டு, அதுக்கப்புறம்தான் டப்பாவையே எடுத்தாரு. அவரு சொன்னது இதுதான்: பச்சைத் தண்ணிங்கிறது கண்ணுக்குத் தெரியாத ஒத்தை ஒத்தை செல் பாசி, அது எந்த ஸ்பாஞ்சுலயும் நிக்காது, புகுந்து வெளிய வந்திடும். யூ.வி. வெளிச்சம், 254 நானோமீட்டர், அது பட்டா பாசியோட டி.என்.ஏ. கெட்டு பெருக முடியாம செத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கட்டியாகும், அந்தக் கட்டியைத்தான் ஃபில்டர் பிடிக்கும். அப்போ லைட்டுக்குப் பின்னாடி நல்ல ஃபில்டர் இல்லைன்னா செத்த பாசி குளத்துலயே சுத்திக்கிட்டு இருக்கும், அழுகி அடுத்த பாசிக்கு அதுவே உரம்.

இன்னொண்ணு தண்ணி போற வேகம். என் பம்ப் மணிக்கு 6,000 லிட்டர், அதை அப்படியே லைட்டுக்குள்ள விட்டா வெளிச்சம் படுறதுக்குள்ள தண்ணி ஓடிடும். ரெண்டா பிரியுற T வடிவ பைப் ஒண்ணு போட்டு வால்வு வெச்சு பாதிக்கும் கம்மியா லைட்டுக்கு, மிச்சம் நேரா ஃபில்டருக்கு. எவ்வளவு போகுதுன்னு பார்க்க 20 லிட்டர் தோங் வாளியை வெச்சுப் பிடிச்சேன், 30 செகண்டுல நிறையுது, அப்போ மணிக்கு 2,400 லிட்டர், சரியா இருந்துச்சு.

முதல் 3 நாள் ஒண்ணும் தெரியல. 4ஆம் நாள் பச்சை கொஞ்சம் சாம்பல் அடிச்ச மாதிரி மங்கிப் போச்சு, 5, 6ல ஃபில்டர் ஸ்பாஞ்சை எடுத்தா சேறு மாதிரி கரும்பச்சையா கொழகொழன்னு பிடிச்சிருக்கு, பிழிஞ்சா ஒரு வாளி தண்ணி கறுத்திடுது. ஸ்பாஞ்சை பைப் தண்ணியில கழுவாதீங்க, குளோரின் பட்டா மீன் கழிவுல வர்ற அம்மோனியாவை மாத்துற நல்ல பாக்டீரியா செத்திடும், குளத்துத் தண்ணியை வாளியில மொண்டு அதுலயே அலசுங்க. தினமும் அலசினேன். 11ஆம் நாள் அப்பா மங்கை இறக்குனாரு, 3 அடி கீழ தரையில போய் உட்கார்ந்த மங்கோட விளிம்பு வெடிப்பு வரைக்கும் தெரிஞ்சுச்சு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுனாரு, பக்கத்து வீட்டு அங்கிளையும் கூப்பிட்டுக் காட்டுனாரு.

குறைன்னு பார்த்தா, கூட வர்ற பிளாஸ்டிக் மூட்டு மட்டம், ரெண்டாவது வாரமே ஒழுகுச்சு, ஹார்ட்வேர் கடையில வேற கிளிப் வாங்கிப் போட்டேன். கரண்டு டப்பா மழைக்குத் தாங்காது, ஓடு மறைவுல வெச்சிருக்கேன். கையேடு முழுக்க சீன மொழி. 3ஆம் மாசம் தண்ணி திரும்ப லேசா பச்சை கட்ட ஆரம்பிச்சுது, லைட் நீலமா எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு, கழட்டிப் பார்த்தா உள்ள கண்ணாடிக் குழாய் மேல வழுவழுன்னு ஒரு வெள்ளைப் படலம், வெளிச்சம் வெளிய வரவே வழியில்லை. வினிகர்ல துணியை நனைச்சு துடைச்சேன், 5 நாள்ல தெளிஞ்சுச்சு. இப்போ 6 வாரத்துக்கு ஒருதடவை துடைக்கிறேன். திறக்கிறதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்கிடுங்க, எரியுற பல்பை நேரா பார்க்கவே கூடாது, கண்ணு போயிடும், வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருந்தா கண்டிப்பா சொல்லி வைங்க. நம்ம ஊர் இடி மின்னலுக்கு இ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தா கரண்டை நிறுத்துற சுவிட்ச்) அடிக்கடி விழும், பம்ப் நின்னு போச்சுன்னா மீன் தாங்காது, அதையும் கவனிச்சுக்கோங்க.

சுவத்துல நூல் நூலா ஒட்டுற பாசிக்கு இந்த லைட் ஒண்ணும் செய்யாது, எங்க மீனுங்க அதைக் கொறிக்குது, அதனால விட்டுட்டோம். லைட்டோட சேர்த்து நாங்க மாத்துனது தீனி. அப்பா மிச்ச சோறு ரொட்டி எல்லாம் போடுவாரு, இப்போ 5 நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவு மட்டும். வெயில் விழற பக்கம் நாற்றங்கால்ல கட்டுற கறுப்பு வலையைக் கட்டியிருக்கோம், வேலி ஓரம் ஒரு சின்ன வரப்பு போட்டதுல மழைத் தண்ணி இப்போ உள்ள வர்றதில்லை. ஒரு பழைய கூடையில கங்கோங் கீரை நட்டு மிதக்க விட்டதுல அது பாசிக்கு உரமாகுற நைட்ரேட்டை உறிஞ்சி காடு மாதிரி வளருது, வாரம் ஒருதடவை அம்மா பிளாச்சான் (இறால் விழுது) போட்டுப் பிரட்டுறாங்க.

கரண்டு 18 வாட் நாள் பூரா எரிஞ்சா மாசம் 13 யூனிட்தான். பல்பு எரிஞ்சுக்கிட்டே இருந்தாலும் யூ.வி. சக்தி ஒரு வருஷத்துல குறைஞ்சிடும், கண்ணுக்குத் தெரியாது, அதனால மாட்டுன தேதியை மார்க்கர்ல மூடி மேலயே எழுதி வெச்சிருக்கேன். மாத்து பல்பு தௌக்கே கடையில 28 வெள்ளியா இருந்துச்சு, இன்னும் 5 மாசம் இருக்கு, இப்பவே ஒண்ணு வாங்கி அலமாரியில வெச்சாச்சு.