எலெக்ட்ரோடை எதை வைத்து இறக்குவது: கையா, ஸ்டெப்பரா, காற்றா, காயிலா?

ஊட்டி, கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்து மண்ணை எந்த ஆய்வகத்தில் கொடுத்தாலும் முதலில் பார்ப்பது பி.எச்., அதாவது அமிலத்தன்மையின் அளவுதான். தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை இருந்தால் போதும். அதே மலையில் கேரட், முட்டைகோஸ் போடுகிறவருக்கு அந்த அமிலம் ஆகாது, அமிலத்தைக் குறைக்கும் டோலமைட் சுண்ணாம்புத் தூள் எத்தனை மூட்டை இறக்கலாம் என்று கேட்டுக்கொண்டு வருவார். 20 கிராம் மண், 50 மில்லி தண்ணீர், கலக்கி அரைமணி நேரம் வைத்து, பி.எச். அளக்கும் கண்ணாடிக் குச்சியான எலெக்ட்ரோடை உள்ளே இறக்க வேண்டும். ஒவ்வொரு பீக்கருக்கும் இதே வேலை, அதே எலெக்ட்ரோடு.

அதன் நுனியில் இருக்கும் குமிழ் ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய கண்ணாடி. பீக்கர் அடியில் கிடக்கும் பருக்கைக் கல்லில் உரசினால் கீறல் விழும், அளவு நிலைக்க நேரமெடுக்கும். விரிசல் விட்டால் எந்த பஃபரில் (பி.எச். தெரிந்த சோதனைக் கரைசலில்) வைத்தாலும் ஏறக்குறைய ஒரே எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். சரி, அப்படியென்றால் மைக்ரான் கணக்கில் நிற்கிற கருவி வேண்டுமா? வேண்டாம். குமிழ் தெளிந்த நீரில் இருக்கிறதா, அடியில் படிந்த சேற்றில் இருக்கிறதா என்பதைப் பொறுத்து அளவு மாறும். அதனால் எல்லா பீக்கரிலும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம். ஆகவே நான் கேட்கும் கேள்விகள் இரண்டு: இடித்தால் எவ்வளவு பலத்தோடு அழுத்தும்? கரண்ட் போனால் என்ன செய்யும்?

கையில் இறக்கும் ஸ்டாண்டை யாரும் இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். விரலுக்கு இடிப்பது தெரியும், எந்த மலிவு மோட்டாருக்கும் அது தெரியாது. ஆபத்து வருவது க்ளாம்ப் திருகைத் தளர்த்தும் நொடியில்: மற்ற கையில் பீக்கர் இருக்கும், மொத்தமும் சரசரவென்று கீழே இறங்கிவிடும். கம்பியில் க்ளாம்புக்குக் கீழே ஒரு காலரை (தடுப்பு வளையத்தை) முடுக்கி வைத்தால் அதற்குக் கீழே போகாது. செலவு மிகக் குறைவு, ஆனால் பெரும்பாலான இடங்களில் அது இருப்பதில்லை. இன்னொரு வழி, எலெக்ட்ரோடை அசையாமல் நிறுத்தி, ஸ்க்ரூ ஜாக் மேல் பீக்கரை வைத்து உயர்த்துவது. கேபிள் ஆடாது, அதனால் கழுத்தில் ஒடியாது. நாளுக்கு நாற்பது ஐம்பது மாதிரி வரைக்கும் இதைத் தாண்டி எதுவும் தேவையில்லை என்பது என் எண்ணம்.

அதற்கு மேல் போனால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது, சின்னச் சின்ன ஸ்டெப்பாகச் சுற்றும் ஸ்டெப்பர் மோட்டாரும், அந்தச் சுற்றலை மேலும் கீழுமான நகர்வாக மாற்றும் லீட் ஸ்க்ரூவும். ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 2 மில்லிமீட்டர் நகர்ந்தால் ஸ்டெப்புக்கு 0.01 மில்லிமீட்டர். நமக்கு வேண்டியதைவிட நூறு மடங்கு நுணுக்கம். "அண்ணே, மோட்டார் சின்னதுதானே, என்ன பண்ணிடும்?" என்று ப்ராஜெக்ட் செய்யும் பசங்க கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீமா 17 என்ற சின்ன அளவு மோட்டாரின் முறுக்கு விசை 0.4 நியூட்டன் மீட்டர் என்று வையுங்கள். உராய்வில் எழுபது சதவீதம் போனாலும் அந்த 2 மில்லிமீட்டர் ஸ்க்ரூவில் 370 நியூட்டனுக்கு மேல் தள்ளும். கிட்டத்தட்ட 38 கிலோ எடையைக் குமிழ் மேல் வைத்த மாதிரி. இடித்தது அதற்குத் தெரியவும் தெரியாது, கொடுத்த ஸ்டெப்பை எண்ணி முடிக்கும் வரை தள்ளிக்கொண்டே இருக்கும்.

கரண்ட் போனால் இந்த ஸ்க்ரூ நின்ற இடத்திலேயே நிற்கும், அது நல்லது. வம்பு கரண்ட் திரும்பி வரும்போது. ஜூன், ஜூலை மழையில் மரம் சாய்ந்து லைன் போவது இங்கே வழக்கம். கன்ட்ரோலர் தான் எங்கே நின்றிருந்தோம் என்பதை மறந்து, தொடக்க இடத்தைக் காட்டும் ஹோம் ஸ்விட்சைத் தேடிக் கிளம்பும். ப்ரோக்ராம் எழுதியவர் முதலில் பக்கவாட்டில் போகச் சொல்லியிருந்தால், பீக்கருக்குள் இருக்கும் எலெக்ட்ரோடு சுவரில் மோதி முடிந்தது கதை. முதலில் மேலே, அப்புறம்தான் பக்கவாட்டில். ரெடிமேட் கருவி வாங்குகிறவர்கள் விற்பவர் முன்னாலேயே ப்ளக்கைப் பிடுங்கி, மறுபடி சொருகிப் பாருங்கள்.

அந்த 38 கிலோவுக்கும் மருந்து உண்டு. எலெக்ட்ரோடை இறுக்கிப் பிடிக்காமல், ஒரு வளையத்தில் தன் எடையிலேயே தொங்கும்படி விட வேண்டும். எடை 100 கிராம் என்றால் இடிக்கும்போது குமிழ் மேல் வருவது 1 நியூட்டன்தான். ஹோல்டர் கீழே போய்க்கொண்டே இருந்தாலும் எலெக்ட்ரோடு வளையத்திலிருந்து மேலே எழும்பி நிற்கும், அந்த அசைவில் ஒரு மைக்ரோ ஸ்விட்ச் மோட்டாரை நிறுத்தும். கோயம்புத்தூரில் எந்த லேத் பட்டறையும் செய்து தரக்கூடிய பாகம்.

ஏர் சிலிண்டரை இந்த வேலைக்கு எனக்குப் பிடிப்பதில்லை. 16 மில்லிமீட்டர் துளை, 6 பார் அழுத்தம் என்றால் 120 நியூட்டன். ஸ்டெப்பரைவிடக் குறைவுதான், ஆனால் அது வேகமாக வந்து முட்டும், நடுவில் நிற்காது. மூடுபனி மாதங்களில் கம்ப்ரசர் டேங்கில் தண்ணீர் சேரும், தினமும் வடிக்காவிட்டால் வால்வுக்குள் போகும். அதற்கு ஒரு பெருமை மட்டும் உண்டு: ஸ்பிரிங் வால்வைச் சரியான பக்கம் இணைத்து, டேங்கில் காற்றும் இருந்தால், கரண்ட் போனதும் எலெக்ட்ரோடு தானாக மேலே போய்விடும்.

வாய்ஸ் காயில் ஆக்சுவேட்டர்தான் இந்த நான்கில் நாகரிகமானது. காந்தத்துக்குள் ஒரு காயில், அதில் போகும் மின்னோட்டத்துக்கு நேர் விகிதத்தில் விசை. மின்னோட்டத்துக்கு வரம்பு வைத்தால் அழுத்தத்துக்கும் வரம்பு. தொட்டதை அறிந்து அங்கேயே நிற்கவும் வைக்கலாம். பழத்தின் கடினத்தைக் குத்திப் பார்க்கும் நுண்ணிய ப்ரோப், உயரம் தெரியாத மாதிரியின் மேல் மெல்ல இறங்க வேண்டிய சென்சார், இவற்றுக்கெல்லாம் இதற்கு ஈடில்லை. ஆனால் நிமிர்த்தி வைத்தால், கரண்ட் போன நொடியில் பிடிமானம் போய்க் கீழே விழும், எதிர் எடையோ ஸ்பிரிங்கோ கட்டாயம். விலையும் ஸ்டெப்பரைப் போலப் பல மடங்கு. மண்ணுக்கு பி.எச். பார்க்க இதை வாங்குவது வீண் செலவு. தொங்கும் ஹோல்டர் போட்ட ஸ்டெப்பரே போதும்.

சரிவு மண்ணைச் சோதிக்கும் ஆய்வகம் என்றால் என் தீர்ப்பு மாறும். மண்சரிவு நடக்கிற மாவட்டம் இது, அந்தச் சோதனைகளுக்கும் குறைவில்லை. 20 மில்லிமீட்டர் தடிமன் மண் வில்லையின் மேல் எடையை ஏற்றி, ஒரு நாள் முழுக்க அது எவ்வளவு அமுங்குகிறது என்று 0.01 மில்லிமீட்டர் டயல் கேஜிலோ, உள்தண்டு நகர்வதை மின்சாரத்தால் அளக்கும் எல்.வி.டி.டி. சென்சாரிலோ பார்ப்பார்கள். இங்கே நுணுக்கம் நிஜமாகவே வேண்டும். ஆனால் சென்சாரை ஒரு முறைதான் வைக்கப் போகிறோம், மோட்டார் எதற்கு? மைக்ரோமீட்டர் ஹெட் போட்ட சின்ன ஸ்லைடு போதும்: ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர், 50 கோடுகள், கோட்டுக்கு 0.01. எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நிறுத்தினால் ஸ்க்ரூவில் இருக்கும் ப்ளே (தளர்வு) தொல்லை தராது. எல்.வி.டி.டி.யின் உள்தண்டை ஓட்டத்தின் நடுவுக்கு அருகே வைத்துத் தொடங்குங்கள்.

அந்த ஸ்லைடைப் பிடிக்கும் கையை மட்டும் அலுமினியத்தில் செய்யாதீர்கள். டிசம்பரில் ஹீட்டர் இல்லாத அறையில் விடியற்காலைக்கும் மதியத்துக்கும் 10 டிகிரி வித்தியாசம் வந்தால், 300 மில்லிமீட்டர் அலுமினியத் துண்டு 0.07 மில்லிமீட்டர் நீளும். எதிரே இருக்கும் இரும்புச் சட்டம் நீளுவதைக் கழித்தாலும் 0.03 மிஞ்சும். கேஜில் அது மூன்று கோடு, மண் அமுங்காமலேயே.