சிபில் அறிக்கை: காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை

"உங்க சிபில் கம்மியா இருக்கு" என்ற ஒரே வரியில் கடன் மறுக்கப்படுகிறது. சிபில் என்று இங்கே சொல்வது, கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் ஸ்கோர். 300 முதல் 900 வரையிலான அந்த எண்ணைப் போடுவது மேனேஜர் அல்ல. வங்கிகள் அனுப்பும் தகவலைக் கொண்டு ஓர் அல்காரிதம் போடுகிறது. எதை வைத்துப் போட்டது என்று பார்க்கும் உரிமை நமக்கு உண்டு, அதுவும் இலவசமாக.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என, கடன் தகவலைத் திரட்டி அறிக்கை தரும் நான்கு நிறுவனங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. மூன்று மாதத்துக்கு ஒன்றாக வாங்கினால் வருடம் முழுக்கக் கண்காணிக்கலாம். பிறகு அறிக்கை பார்க்க மாதச் சந்தா எதற்கு? மகளிர் குழுக் கடன் வாங்கியவர்கள் கிரிஃப் அறிக்கையை முதலில் பாருங்கள். நுண்கடன் விவகாரத்தில் அது பழம் தின்று கொட்டை போட்டது. நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. ஒரே வாரத்தில் நாலைந்து கடன் ஆப்களில் விண்ணப்பித்தால் குறையும்.

அறிக்கை கைக்கு வந்ததும் கண் எண்ணுக்குத்தான் போகும். பார்க்கவேண்டியது அதற்குக் கீழே. ஒவ்வொரு கடனுக்கும் 36 மாதங்கள் வரையிலான தவணை விவரம் கட்டம் கட்டமாக இருக்கும். 000 என்றால் தவணை சரியாகப் போயிருக்கிறது. 030 என்றால் 30 நாள் தாமதம். கார்டு பாக்கியைப் பேசிக் குறைத்துக் கட்டியவர்கள், கணக்கு முடிந்தது என்று நிம்மதியாக இருப்பார்கள். அறிக்கையில் அது 'செட்டில்டு' என்று நிற்கும். அதாவது முழுப் பணமும் வராத கணக்கு. மீதியைக் கட்டி, பாக்கி இல்லை என்ற 'நோ டியூ' சான்றிதழ் வாங்கி, 'குளோஸ்டு' என்று மாற்ற வைக்கவேண்டும். அடுத்தவருக்கு ஜாமீன் போட்ட கடனும் இங்கே தலைகாட்டும்.

நம்மூர்ப் பெயர்கள் தனிச் சிக்கல். ஒரு வங்கியில் 'எஸ். முருகன்', இன்னொன்றில் 'முருகன் எஸ்', மூன்றாவதில் 'முருகன் செல்வராஜ்'. பெயர், பிறந்த தேதி, பான், முகவரி ஆகியவற்றைப் பொருத்திப் பார்க்கும் இயந்திரம், ஒருவர் கடனை இன்னொருவர் தலையில் கட்டிவிடும். சில கணக்குகளை விட்டும்விடும். எல்லா வங்கியிலும் பெயரை பான் அட்டையில் உள்ளபடியே வையுங்கள்.

தவறு கண்டால் அந்த நிறுவனத்தின் தளத்திலேயே இலவசமாகப் புகார் பதியலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அதற்கும் மசியாவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம்.

இந்த முறையால் நன்மை இல்லாமல் இல்லை. சிபாரிசுக்கு ஆள் இல்லாதவருக்கும் ஒழுங்காகத் தவணை கட்டிய வரலாறே சிபாரிசாகிறது. சாதியோ தெருவோ அந்தக் கணக்கில் வராது. ஆனால் இருபது வருடம் தவறாமல் சீட்டுக் கட்டிய இல்லத்தரசியின் நாணயமும் வராது. வாடகையை ரொக்கமாகக் கொடுப்பவருக்கும் இதே கதி. அறிக்கையில் அவர்களுக்கு வரலாறே இல்லை. இது பெரிய அநியாயம். முதன்முறை கடன் கேட்பவரை வரலாறு இல்லை என்பதற்காக மட்டும் மறுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

வீட்டுக்கடன் எண்ணம் இருந்தால் மூன்று மாதம் முன்பே அறிக்கையை எடுத்துவிடுங்கள். 2025 ஜனவரி முதல் வங்கிகள் 15 நாளுக்கு ஒருமுறையாவது தகவல் அனுப்பவேண்டும் என்பதால், திருத்தம் ஏறியதா என்று பார்க்க அந்த அவகாசம் போதும்.