தாதியருக்கு மாண்டரின்: மொழி ஆசிரியரா, வார்டு அனுபவசாலியா?

சிங்கப்பூர் மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் நம் தாதியருக்கு மாண்டரின் தேவைப்படுவது கட்டிலில் கிடக்கும் ஆ மாவிடம், அதாவது சீனப் பாட்டியிடம், வலி எங்கே என்று கேட்பதற்கு. அதைச் சொல்லித்தர யாரைத் தயார் செய்வது? இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, மொழி ஆசிரியரை எடுத்து வார்டுக்குப் பழக்குவது. பள்ளி ஆசிரியர்களைத் தயார் செய்யும் தேசியக் கல்விக் கழகத்தில் பயின்றவருக்குப் பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்பும் கட்டுரையும் அத்துப்படி. ரத்த அழுத்தம் பார்க்கும்போது என்ன பேசுவார்கள் என்று கேட்டால் விழிப்பார். சீனாவின் அனைத்துலகச் சீன மொழி ஆசிரியர் சான்றிதழ் வைத்திருப்பவரும் ஏறக்குறைய அப்படித்தான். அது பொதுவாக மொழி கற்பிப்பதற்கானது.

இன்னொன்று, வார்டிலேயே ஊறிய சீனத் தாதியை ஆசிரியராக்குவது. அவர் ஏசிஎல்பி, அதாவது பெரியவர்களுக்குப் பயிற்சி தருவோருக்கான சிங்கப்பூர்ச் சான்றிதழ், முடித்தால் போதும் என்பார்கள். முன்பு ஆக்டா என்று இருந்ததே, அதன் இடத்தில் வந்தது. பெரியவர்களுக்குப் பாடம் வடிவமைப்பது, மதிப்பிடுவது எல்லாம் அதில் உண்டு. மொழி கற்பிக்கும் முறை இல்லை. ஆனால் 1979இல் 'மாண்டரின் பேசுவோம்' இயக்கம் வருமுன் வளர்ந்த முதியவர்கள் பலருக்கு ஹொக்கியன், தியோச்சியூ போன்ற சீனக் கிளைமொழிகள்தான் வாயில் வரும். மாண்டரின் எங்கே எடுபடாது என்பது இவருக்குத் தெரியும். அது பெரிய பலம்.

சரி, அப்போ இவர்தானே? எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'வயிறு நிறைந்ததா' என்று கேட்க வேண்டிய 'பாவ்' இருக்கிறது. 'ஓடு' என்பதற்கும் 'பாவ்'தான். இரண்டுக்கும் ஒரே தொனி. ஓடுவதற்கு மட்டும் ப-வோடு மூச்சு பலமாக வெளியே வரும். தமிழில் அந்த வேறுபாடு கிடையாது, நம் காதில் சட்டென்று விழாது. பேசிப் பழகியவர் இன்னும் சத்தமாகத் திருப்பிச் சொல்வார், அவ்வளவுதான். பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒரு டிஷ்யூவை உதட்டுக்கு முன்னால் பிடிக்கச் சொல்வார்: ஒன்றில் ஆடும், மற்றதில் ஆடாது.

வார்டுப் பேச்சை மொழி ஆசிரியர் சில ஷிஃப்ட் கூடவே நின்று, குளிப்பாட்டுவதையும் மருந்து கொடுப்பதையும் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். ஒலிகளைப் பிரித்துக் காட்டும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் கைவராது. அதனால் என் ஓட்டு மொழி ஆசிரியருக்கு. அவரும் ஏசிஎல்பி முடித்திருக்க வேண்டும், நோயாளியாக நடித்துப் பயிற்சி தர அனுபவத் தாதி ஒருவரும் வகுப்பில் வேண்டும். இரண்டு பேருக்குச் சம்பளம் என்றதும் நடத்துபவர்கள் முகம் சுளிப்பார்கள், அது வேறு கதை.

பத்திருபது வாக்கியம் மட்டும் போதும் என்றால் அனுபவத் தாதி ஒருவரே தாராளம்.