பொலன்னறுவை போக வான் பிடிக்கிறவர்கள் ஒருமுறை இதை வாசியுங்கள்

கனடாவிலிருந்து வந்த பள்ளிக்கூட நண்பர்கள் இரண்டு பேர் திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் நிற்கிறார்கள். கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று எல்லாம் பார்த்தாயிற்று, ஒரு நாள் பழைய தலைநகரான பொலன்னறுவை போய் வருவோம் என்றார்கள். நானும் இன்னொருவனும் சேர்ந்து நாலு பேர். வான் பிடித்தது நான், அதனால் இந்தக் கோபத்தில் பாதி என் மேலேயேதான்.

சாரதி திருகோணமலை ஆள். நம்ம ஊர்க்காரர்தானே என்று நான் எதையும் எழுதி வாங்கவில்லை. கந்தளாயில் தயிர் சாப்பிட்டு ஹபரணை தாண்டியதும் கதையைத் தொடங்கினார். "தம்பி, வெளிநாட்டுப் பாஸ்போர்ட் எண்டால் டொலரில அறுப்பாங்கள். எனக்குத் தெரிஞ்ச கைட் ஒராள் இருக்கிறார், பாதிக் காசில உள்ளுக்க விடுவார்." பாதிக் காசு என்றதும் நாங்களும் தலையாட்டினோம், அதை மறைக்க விரும்பவில்லை.

பராக்கிரம சமுத்திரக் கட்டுப் பக்கம் அந்தக் கைட் ஏறினார். கழுத்தில் அட்டை தொங்கியது, ஆனால் அது ஏதோ ஹோட்டல் அட்டை. உரிமம் பெற்ற வழிகாட்டி என்றால் சுற்றுலா அதிகாரசபை கொடுத்த அடையாள அட்டை இருக்கும், அதைக் கேட்டுப் பார்க்க அப்போது எனக்குத் தோன்றவில்லை. பத்தாயிரம் வாங்கிக்கொண்டு ஓரம் கிழிந்த இரண்டு டிக்கெட்டைத் தந்தார், பிரதான வாசலை விட்டு ஒரு கிரவல் ரோட்டால் வானை விடச் சொன்னார்.

முதலில் இரண்டாம் சிவ தேவாலயம். "பராக்கிரமபாகு கட்டினது" என்றார் பாருங்கள், அங்கேயே எனக்குச் சுருக்கென்றது. சோழர் இந்த ஊரை ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்துத் தலைநகராக வைத்திருந்த காலத்துக் கற்கோயில் அது, 11ஆம் நூற்றாண்டு, வானவன்மாதேவி ஈஸ்வரம் என்பது அதன் பெயர். சிங்கள மன்னர் முதலாம் விஜயபாகு 1070இல் சோழரைத் துரத்தினார், பராக்கிரமபாகு ஆட்சிக்கு வந்ததே 1153இல். சுவரில் தமிழ் எழுத்து இருக்கிறது, அதைக் காட்டிக் கேட்டால் "பழைய சிங்களம்" என்கிறார்!

அப்புறம் பாறையில் புத்தர் சிலைகள் செதுக்கிய கல் விகாரை. அங்கே டிக்கெட் பார்க்கிறவர் வாங்கிப் பார்த்துவிட்டு, இது முந்தின நாள் டிக்கெட் என்றார். திரும்பிப் பார்த்தால் கைட்டைக் காணோம், போன் ஓஃப். குளக்கரையில் இருக்கும் மியூசியம் கவுண்டருக்குத் திரும்ப ஓடி, முழுக் காசையும் கட்டி, மறுபடி வந்தோம். டிக்கெட்டை அந்தக் கவுண்டரிலேயே நீங்களே வாங்குங்கள், கடைசி இடம் வரை கையில் வைத்திருங்கள், உள்ளே பல இடங்களில் கேட்கிறார்கள். 14 மீட்டர் நீளத்தில் படுத்திருக்கும் அந்தப் புத்தரின் முன்னால் நின்றபோதும் எங்கள் வாயில் காசுக் கதைதான்.

சரி, இனியாவது பழைய கட்டடங்கள் கூட்டமாக நிற்கும் நாற்சதுர முற்றத்துக்குப் போவோம் என்றால், "தண்ணி குடிப்பம், பத்து நிமிஷம்" என்று சாரதி ஒரு மரச்சிற்பக் கடைக்குள் வானை விட்டார். மரத்தூளைத் தண்ணீரில் போட்டு நிறம் மாற்றிக் காட்டும் வித்தை முடிய முக்கால் மணி நேரம். நண்பன் ஒரு யானையைப் பதினெட்டாயிரத்துக்கு வாங்கினான். நான் வேண்டாம் என்று வெளியே வந்த பிறகு அதே அளவு யானை ஆறாயிரத்துக்கு என் பின்னாலேயே வந்தது. கழிப்பறைப் பக்கம் போனபோது சாரதி காசாளரிடம் காசு எண்ணி வாங்குவதையும் கண்டேன்.

நாற்சதுர முற்றத்துக்குப் போனபோது வாசலை மூடிக்கொண்டிருந்தார்கள். அங்கே அட்டதாகே என்ற பழைய கட்டடத்தின் பக்கத்தில் நிற்கும், வேளைக்காரர் என்ற படையினரின் கல்வெட்டு, தமிழில் உள்ளது, அதைப் பார்க்கத்தான் நான் போனதே.

இரவு உப்புவெளியில் இறங்கும்போது சாரதி மேலதிகமாக 38 கிலோமீட்டருக்குக் கணக்குக் காட்டினார். கிரவல் ரோடு, கவுண்டருக்கு ஓடிய ஓட்டம், யானைக் கடை, எல்லாம் அதற்குள். அரை மணி நேரம் சண்டை பிடித்துப் பாதியைக் கொடுத்தேன். போகும்போது, "அடுத்த முறை அனுராதபுரம் போவம் தம்பி" என்றார்.