மைன்லேப் எக்வினாக்ஸ் 800: கருவியும் அதில் நான் மாற்றிக்கொண்டவையும்

இங்கிலாந்தின் தென்கிழக்கில் உள்ள கென்ட் பகுதியில், நிலத்துக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்த அனுமதியோடு, அவருடைய மூன்று வயல்களில் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் என் வார இறுதிப் பொழுதுபோக்கு. அறுவடை முடிந்து அரிதாள் நிற்கும் ஆகஸ்ட் மாதத்திலிருந்து அடுத்த விதைப்பு வரையிலான சில வாரங்கள் வயலுக்கு, மீதி மாதங்கள் கடற்கரைக்கு என்று என் ஆண்டு பிரிந்துகிடக்கிறது. இந்த இரண்டு வகை நிலத்துக்கும் சேர்த்து ஐந்து ஆண்டுகளாக நான் பயன்படுத்திவருவது, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரைச் சேர்ந்த மைன்லேப் நிறுவனத்தின் எக்வினாக்ஸ் 800. புதிதாக இந்தப் பொழுதுபோக்குக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, அது எவ்வளவு ஆழம் வரை எடுக்கும் என்பதுதான். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு கருவி வாங்குகிறவர்கள் பணத்தைத் தவறான இடத்தில் போடுகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. எந்த மண்ணில், எத்தகைய குப்பைக்கு நடுவில், எவ்வளவு நேரம் கை வலிக்காமல் தேடப் போகிறோம் என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். வாங்கிய பிறகும் காயில் (தரையை ஒட்டி நாம் வீசும், உள்ளே கம்பிச்சுற்று கொண்ட தட்டு), தண்டு, ஹெட்போன் ஆகிய மூன்றையும் நம் நிலத்துக்கும் உடம்புக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

2018ஆம் ஆண்டு இந்தக் கருவி சந்தைக்கு வந்தபோது அதைப் பற்றி இவ்வளவு பேசப்பட்டதற்குக் காரணம் அதன் பல அலைவரிசை முறை. பொதுவாக இந்த வகைக் கருவிகளில் காயில் ஒரு மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் செலுத்துகிறது. மண்ணில் உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அது திருப்பி அனுப்பும் சிறு புலத்தின் காலதாமதத்தைக் கணக்கிட்டு, அது இரும்பா, வெள்ளியா, அலுமினியமா என்று கருவி ஊகிக்கிறது. ஒரே அலைவரிசையில் இயங்கும் கருவி, தாழ்ந்த அலைவரிசையாக இருந்தால் பெரிய வெள்ளிக் காசை நன்றாகப் பிடிக்கும். உயர்ந்ததாக இருந்தால் மெல்லிய தங்கத்தையும் சிறு துண்டுகளையும் பிடிக்கும். எக்வினாக்ஸ் பல அலைவரிசைகளை ஒரே நேரத்தில் அனுப்பிப் பெறுகிறது. வேண்டுமானால் 5, 10, 15, 20, 40 கிலோஹெர்ட்ஸ் என்று தனித்தனியாகவும் தேர்ந்துகொள்ளலாம். அதே காலத்தில் வந்த 600 மாடலில் 20, 40 என்ற இரண்டும் கிடையாது. தனி அலைவரிசையை நான் பயன்படுத்துவது அரிது. உயர் அழுத்த மின்கம்பி செல்லும் வயலில் பல அலைவரிசை முறை ஓயாமல் சலசலக்கும்போது மட்டும் அதற்கு மாறுகிறேன்.

இதன் அருமை முழுவதும் தெரிவது ஈர மணலில்தான். கடல்நீரில் ஊறிய மணல் தானே மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், ஒற்றை அலைவரிசைக் கருவி அலை வந்து போகும் இடத்தில் மணலையே உலோகம் என்று எண்ணிக் கத்தத் தொடங்கிவிடும். அதன் உணர்திறனைக் குறைத்துக்கொண்டே போனால் கடைசியில் கையில் ஒரு கம்புதான் மிஞ்சும். எக்வினாக்ஸை கடற்கரைக்கான முறையில் வைத்து, மணல் எழுப்பும் ஒலியைக் கருவி கழித்துவிடும்படி தரை அளவைச் சரிசெய்துகொண்டால், உலர்ந்த மணலிலிருந்து நுரை தொடும் இடம் வரை ஒரே சீராக நடந்து போகலாம். 3 மீட்டர் ஆழம் வரை நீர் புகாது என்று நிறுவனம் உறுதி சொல்கிறது. முழங்கால் நீரில் நிற்பதற்கு அது தாராளம். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவுவதை ஒரு நாளும் தவறவிடாதீர்கள். குழாயைப் பீய்ச்சி அடித்துக் கழுவவும் கூடாது. ஒலிபெருக்கியின் மெல்லிய மறைப்பு அதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

திரையில் தோன்றும் எண் -9 முதல் 40 வரை போகும். எதிர்க்குறி எண்களும் சுழியும் இரும்பைக் குறிப்பவை. மேலே போகப் போகச் செம்பு, வெள்ளி. இந்த எண்ணை மட்டும் நம்புகிறவர் தங்கத்தை விட்டுவிடுவார். தங்க மோதிரங்களும், குளிர்பானக் கேனின் இழுப்பு வளையங்களும், அலுமினியத் தாளும் ஒரே எண்களில் வந்து நிற்கின்றன. அதைப் பிரித்துக் காட்டும் கருவி இன்றுவரை எந்த நிறுவனத்திடமும் இல்லை. கென்ட் வயல்களில் இதனோடு இன்னொரு தொல்லையும் உண்டு. நகரத்துக் கழிவை உரமாகக் கொண்டுவந்து கொட்டிய காலத்திலும், நீராவி உழவு இயந்திரங்கள் ஓடிய காலத்திலும் வயலில் சேர்ந்த கோக் என்னும் எரிந்த கரிக்கட்டிகள், சிறு உலோகம் போலவே கீழ்நிலை எண்களில் ஒலிக்கும். அந்த எண்களை மறைத்துவிட்டால் வேலை மிச்சமாகும். ஆனால் நான் தேடும் மிகச்சிறிய வெள்ளித் துண்டுகளின் எண்கள் அவற்றுக்கு மிக அருகில் இருப்பதால் எதையும் மறைக்காமல், ஒலியின் கூர்மையைக் காதால் பிரித்தறியப் பழகிக்கொண்டேன். கோக்கின் ஒலி விளிம்பில் பிசிறடிக்கும். காசின் ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வீசினாலும் அதே இடத்தில், அதே உருவில் வந்து முடியும்.

இனி, நான் மாற்றியவற்றுள் தலையாயதான காயிலுக்கு வருகிறேன். கருவியோடு வருவது 11 அங்குல வட்டக் காயில். இரண்டு ஆங்கில டி எழுத்துகளை முதுகோடு முதுகு சற்றே மேலேறும்படி வைத்தது போல் உள்ளே கம்பிச்சுற்று அமைந்திருப்பதால், முன்னிருந்து பின்னாக ஒரு குறுகிய பட்டையில்தான் அது கூர்மையாக உணர்கிறது. திறந்த வயலுக்கு அது போதும். ஆனால் என் நிலத்துக்காரரின் கிழக்கு வயலில் எப்போதோ ஒரு வீடு இருந்து இடிந்திருக்கிறது. அந்த மூலையில் ஒரு முழத்துக்கு ஐந்தாறு துருப்பிடித்த ஆணி. பெரிய காயில் ஒரே வீச்சில் இரண்டு ஆணியையும் அவற்றுக்கு நடுவில் கிடக்கும் காசையும் சேர்த்தே பார்க்கும். பார்த்துவிட்டு இரும்பு என்று சொல்லிவிடும். இரண்டு பருவம் அந்த மூலையில் பெரிய காயிலோடு நடந்தும் ஈயத் துண்டுகளுக்கு மேல் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அதன் பிறகு அதே நிறுவனத்தின் 6 அங்குலக் காயிலை வாங்கி மாட்டினேன். தட்டு சிறிதாகையால் அரை நாளில் ஒரு சிறு பாத்தி அளவு இடம்தான் முடிந்தது. மூன்றாவது நாள் மாலை, இரும்பின் உறுமலுக்கு நடுவில் ஊசி முனை போல ஒரு மெல்லிய ஒலி கேட்டது. நின்று, தொண்ணூறு பாகை திரும்பி, மறுபடி வீசினேன். அதே இடத்தில் அதே ஒலி. நான்கு விரற்கடை ஆழத்தில் களிமண் கட்டியின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது, சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிதல்லாத ஒரு முக்கோணத் துண்டு. மண்ணைத் தேய்க்காமல் தண்ணீர் சொட்டவிட்டுப் பார்த்தபோது, சிலுவையின் கை ஒன்று விளிம்பு வரை ஓடுவதும், அதன் பக்கத்தில் மூன்று புள்ளிகளும் தெரிந்தன. நெடுஞ்சிலுவைப் பென்னி என்னும் பழைய ஆங்கிலேய வெள்ளிக் காசைச் சில்லறைக்காக நான்காக வெட்டிய கால் துண்டு அது. 1247ஆம் ஆண்டு அந்த வகை நாணயம் வெளியானது. 1279இல் வட்டமான கால் பென்னியே தனியாக அச்சிடப்பட்டதால், வெட்டிப் பயன்படுத்தும் வழக்கம் ஓய்ந்தது. அரை கிராம்கூட எடையில்லாத அந்தத் துண்டு இரண்டு ஆணிகளுக்கு நடுவில் கிடந்தது. நான் இரண்டு பருவம் அதன் மேலேயே நடந்திருக்கிறேன் என்று புரிந்தபோது, அங்கேயே வரப்பில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

ஆகவே பணம் குறைவாக இருந்தால் 12-க்கு 15 அங்குலப் பெரிய காயிலைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் சிறியதை வாங்குங்கள். பெரியது ஆழத்தில் உள்ள பெரிய பொருளுக்கும் அகன்ற உழவு நிலத்துக்கும் நல்லது. ஆனால் எடை மணிக்கட்டில் இறங்கும். நடுத்தரமாக ஒன்று வேண்டுமென்றால், ஆஸ்திரேலியாவின் காயில்டெக் நிறுவனம் இந்தக் கருவிக்கென்றே செய்யும் 10-க்கு 5 அங்குல நீள்வட்டக் காயில் அரிதாள்களுக்கு இடையில் நுழைந்து போக மிகவும் ஏற்றது. எந்தக் காயிலானாலும் அடியில் மாட்டும் பிளாஸ்டிக் மூடியை வாரம் ஒரு முறை கழற்றிக் கழுவுங்கள். மூடிக்குள் தேங்கும் இரும்புத்தாது கலந்த மணல் பொய் ஒலி எழுப்பும். கேபிளைத் தண்டோடு இறுகச் சுற்றி வெல்க்ரோ பட்டையால் கட்டி, காயில் மடங்கும் இடத்தில் மட்டும் சிறிது தளர்வு விடுங்கள். ஆடும் கேபிளும் பொய் சொல்லும்.

அடுத்தது தண்டு. கருவியின் மொத்த எடை 1.34 கிலோ என்பது காகிதத்தில் சிறிதாகத் தோன்றும். அந்த எடையில் பெரும்பகுதி கைப்பிடிக்கு முன்னால் இருப்பதால், நான்கு மணி நேரம் வீசிய பிறகு முழங்கைக்கு அது வேறு கணக்காகிவிடுகிறது. கிணற்றுத் துலாவின் பின்முனையில் பாரம் கட்டுவது எதற்கோ, அதற்காகவே நானும் கார்பன் ஃபைபர் தண்டு ஒன்றை வாங்கி, முழங்கைத் தாங்கிக்குப் பின்னால் நீளும் அதன் வால்பகுதியில் மீன்பிடிக்கும் ஈயக் குண்டுகளை நிரப்பி அடைத்தேன். மொத்த எடை கூடத்தான் செய்தது. ஆனாலும் காயில் தரைக்கு மேல் தானாக மிதப்பது போல நிற்கிறது, கை அதைப் பக்கவாட்டில் தள்ளினால் போதும். ஈயம் காயிலிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதால் உணர்தலைப் பாதிப்பதில்லை. காயிலை இணைக்கும் திருகாணி மட்டும் பிளாஸ்டிக்காகவே இருக்க வேண்டும். இந்தத் தண்டுக்கு முன்பு, இணையக் கடை ஒன்றில் விலை மலிவு என்று வேறொன்று வாங்கியிருந்தேன். அதன் பூட்டு மணல் பட்டதும் நழுவி, வீசும்போதே தண்டு சுழன்றது. திருப்பி எடுத்துக்கொள்ளவும் அந்தக் கடை மறுத்துவிட்டது. அந்த அனுபவத்துக்குப் பிறகு, பூட்டைக் கழற்றிக் கழுவ முடியுமா என்று கேட்காமல் நான் தண்டு வாங்குவதில்லை.

ஹெட்போன் விஷயத்தில் பலர் வீட்டில் கிடக்கும் சாதாரண புளூடூத்தை இணைத்துவிடுகிறார்கள். காயிலை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வீசுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒலி காதுக்கு வர ஐந்தில் ஒரு நொடி தாமதமானால், காயில் அதற்குள் 20 சென்டிமீட்டர் கடந்துபோயிருக்கும். நீங்கள் தோண்டும் இடம் காசு இருக்கும் இடமல்ல. எக்வினாக்ஸ் 800 உடன் வருவது தாமதம் மிகக் குறைந்த ஆப்டெக்ஸ் என்னும் புளூடூத் வகை. மாற்றுவதானால் அதே வகையில்தான் மாற்ற வேண்டும், அல்லது 3.5 மில்லிமீட்டர் முனை கொண்ட கம்பியில் இணைக்க வேண்டும். என் விருப்பம் கம்பிதான். காற்று வீசும் கடற்கரையில் காது முழுவதும் மூடும் கனமான ஹெட்போன் அணிந்தால், ஒலிபெருக்கியில் கேட்கவே கேட்காத மங்கலான ஒலிகளும் வந்து சேர்கின்றன.

அமைப்புகளைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. உணர்திறன் 25 வரை இருக்கிறது என்பதற்காக 25இல் வைக்காதீர்கள். கருவி அமைதியாக இருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் 20ஐ ஒட்டி, இறக்குங்கள். ஆணி நிறைந்த இடத்தில் மீள்வேகத்தை, அதாவது ஒரு பொருளைக் கேட்டபின் அடுத்ததற்குக் கருவி தயாராகும் வேகத்தை, கூட்டினால் பக்கத்துப் பக்கத்துப் பொருள்கள் தனித்தனியாகக் கேட்கும், ஆழம் சிறிது குறையும். சந்தேகமான ஒலியை இரும்பு என்றே தீர்க்கச் சொல்லும் இரும்புச் சாய்வு அளவைக் கூட்டினால் வளைந்த ஆணிகள் வெள்ளி போல நடிப்பது குறையும், கூடவே ஆணிக்கு அருகில் உள்ள காசும் மறையும். அந்தக் கால் துண்டு கிடைத்த மூலைக்கென்று நான் வைத்திருக்கும் அமைப்பை 800இன் தனிப் பொத்தானில் பதிந்துவைத்திருக்கிறேன். ஒரே அழுத்தில் அதற்கு மாற முடிவது 600இல் இல்லாத வசதி.

குழிக்குள் பொருளைக் கண்டுபிடிக்கும் கைப்பிடிக் கருவியான பின்பாயின்டர் இல்லாமல் வயலுக்குப் போகாதீர்கள். கேரட் நிறுவனத்தின் ஆரஞ்சு நிற ஏடி மாடல் நீரிலும் வேலை செய்கிறது. 9 வோல்ட் பேட்டரி எந்தக் கடையிலும் கிடைக்கும். அதற்குப் போலிகள் உலவுவதால் அங்கீகாரம் பெற்ற கடையில் மட்டும் வாங்குங்கள். மண்வெட்டி குறுகியதாக, துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். புல்வெளியில் மூன்று பக்கம் மட்டும் வெட்டிக் கதவு போலத் திறந்து மூடினால் புல் காயாது, நிலத்துக்காரரும் அடுத்த ஆண்டு அனுமதி தருவார். நிறையப் பொருள் வரத் தொடங்கினால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். 1992 நவம்பரில் சஃபோக்கில் ஹாக்ஸ்ன் என்ற ஊரில் எரிக் லாஸ் என்பவர் நண்பரின் தொலைந்த சுத்தியலைத் தேடப்போய் உரோமானியத் தங்க, வெள்ளி நாணயங்களைக் கண்டார். எல்லாவற்றையும் தாமே அள்ளாமல் அவர் தகவல் தந்ததால், தொல்லியலாளர்கள் அந்தப் புதையலை அது புதைக்கப்பட்ட அடுக்கோடு எடுக்க முடிந்தது. அந்தச் சுத்தியலும் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கே புதையல் என்று சட்டம் வரையறுப்பதை 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். என் கால் துண்டு போன்ற தனி நாணயத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆயினும் நான் அதை, கண்டெடுத்த தொல்பொருள்களைப் பதிவுசெய்யும் பகுதி அலுவலரிடம் கொடுத்து, கிடைத்த இடத்தின் குறியீட்டோடு பதிவுசெய்தேன். தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் கருவி வாங்கும் முன் 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டத்தையும், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தையும் கட்டாயம் படித்துவிடுங்கள்.

இன்று புதிதாக வாங்குவதானால் 800இன் வழிவந்த எக்வினாக்ஸ் 900ஐப் பரிந்துரைப்பேன்: கார்பன் தண்டு, 5 மீட்டர் நீர்க்காப்பு, 11 அங்குலத்தோடு 6 அங்குலக் காயிலும் பெட்டியிலேயே. நான் தனித்தனியாகச் சேர்த்தவற்றில் பாதி அதில் தொடக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. அவ்வளவு செலவிட முடியாதவர்கள், வயலில் மட்டும் தேடுவதானால், நோக்டா நிறுவனத்தின் ஒற்றை அலைவரிசை சிம்ப்ளெக்ஸ் வரிசைக் கருவி ஒன்றோடு தொடங்கலாம். ஈர மணலை மட்டும் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். பயன்படுத்திய 800 ஒன்றை வாங்கப் போகிறவர்கள், காயில் தண்டோடு சேரும் காதுகளில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள், மின்னேற்றும் முனைகளில் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு தரையில் ஒரு ஆணியையும் அதற்கு ஒரு சாண் தள்ளி ஒரு காசையும் வைத்து, விற்பவர் முன்னிலையிலேயே பத்துத் தடவை வீசிக் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.